பாறை, உவர்நீர், களிமண்: லித்தியம் பிரித்தெடுக்கும் முறைகளும் உடைமைக் கேள்வியும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 பிப்ரவரி 9 அன்று ஒன்றிய அரசின் சுரங்க அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில், சலால்-ஹைமானா பகுதியில், 59 லட்சம் டன் லித்தியம் வளம் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டுள்ளது என்பதே அதன் சாரம். மறுநாளே ஊடகங்கள் 'வெள்ளைத் தங்கம்' என்று கொண்டாடத் தொடங்கின. இந்தியா இனி லித்தியத்துக்கு எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்றும், மின்வாகனப் புரட்சியின் தலைமைப் பீடம் காத்திருக்கிறது என்றும் தொலைக்காட்சி விவாதங்கள் முழங்கின.

அதே ஆண்டு ஆகஸ்டில் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை அணுக் கனிமங்களின் பட்டியலில் இருந்ததால் தனியார் தொட முடியாதிருந்த லித்தியம், பெரிலியம், நியோபியம், டான்டலம், டைட்டானியம், சிர்கோனியம் ஆகிய ஆறும் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நவம்பரில் இருபது கனிமத் தொகுதிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் ரியாசியும் ஒன்று. 2024 மார்ச்சில் முடிவு தெரிந்தது: ரியாசிக்குத் தகுதியான ஏலதாரர்கள் மூன்று பேர்கூடத் தேறவில்லை, ஏலம் ரத்தாயிற்று. மீண்டும் ஏல அறிவிப்பு வந்தது. அப்போதும் அந்தத் தொகுதி விலைபோகவில்லை.

நிலக்கரி, பாக்சைட், இரும்புத்தாது என்று மண்ணுக்கடியில் எதையும் விட்டுவைக்காத மூலதனம், 'வெள்ளைத் தங்கம்' என்று அதுவே பறைசாற்றிய பொருளை நோக்கிக் கை நீட்டாதது ஏன்? இக்கேள்விக்கான விடையின் பாதி வேதியியலில் இருக்கிறது. மறுபாதி அரசியல் பொருளாதாரத்தில் இருக்கிறது. முதல் பாதியை அறியாமல் இரண்டாம் பாதியைப் பேசுவது வெறும் முழக்கமாகவே முடியும். ஆகவே இன்றைய வகுப்பு, லித்தியம் இயற்கையிலிருந்து எவ்வாறு பிரித்தெடுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறது.

கல்லிலிருந்து பெயர் பெற்ற உலோகம்

1817இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், புகழ்பெற்ற வேதியியலர் பெர்சீலியஸின் ஆய்வகத்தில் பணியாற்றிய யோகான் ஆகஸ்ட் அர்ஃப்வெட்சன் என்ற இளைஞர், ஊட்டோ தீவிலிருந்து கிடைத்த பெட்டலைட் என்ற கனிமத்தைப் பகுத்தாய்ந்தார். எல்லாக் கூறுகளையும் எடைபோட்ட பின்னும் கணக்கு இடித்தது. அந்த இடிப்பிலிருந்து ஒரு புதிய தனிமம் வெளிப்பட்டது. சோடியமும் பொட்டாசியமும் முதலில் தாவரச் சாம்பல் போன்ற பொருட்களின் வழியாக மனிதருக்கு அறிமுகமாயின. இதுவோ கல்லிலிருந்து கிடைத்தது. கல்லைக் குறிக்கும் 'லித்தோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் அமைந்தது.

தனிம வரிசையில் இதன் எண் 3. உலோகங்களிலேயே மிக இலேசானது. நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ பாதிதான். எளிதில் ஓர் எலெக்ட்ரானை இழக்கும் இயல்பு கொண்டது. குறைந்த எடையில் மிகுந்த மின்னாற்றலைச் சேமிக்க வேண்டிய மின்கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் இல்லை. 1991இல் ஜப்பானில் லித்தியம் அயனி மின்கலம் வணிகப் பொருளாக வெளிவந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் அதே இயல்பினால் லித்தியம் இயற்கையில் ஒருபோதும் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. எப்போதும் வேறு தனிமங்களுடன் சேர்ந்தே இருக்கிறது. அது பொதிந்திருக்கும் இடங்களுள் தொழில்துறைக்கு முக்கியமானவை மூன்று: கடினப் பாறை, உவர்நீர், களிமண். இம்மூன்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையைக் கோருகிறது. வெவ்வேறு அளவில் எரிபொருளை, நீரை, அமிலத்தை, காலத்தை விழுங்குகிறது. லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு முன்பாக, எதனுள் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கடல்நீரிலும் லித்தியம் உண்டு. ஆனால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 0.17 மில்லிகிராம் மட்டுமே. சந்தையில் அளவுகோலாகக் கொள்ளப்படும் லித்தியம் கார்பனேட்டில் ஒரு டன்னுக்கு 188 கிலோ லித்தியம் அடங்கியுள்ளது. அந்த ஒரு டன்னைக் கடலிலிருந்து எடுக்க, ஒரு துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், 110 கோடி லிட்டர் கடல்நீரைக் கையாள வேண்டும். இருப்பு வேறு, எடுக்கத்தக்க இருப்பு வேறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பாறை: சூளையும் அமிலமும்

இன்று உலகில் மிக அதிகமாக லித்தியம் தோண்டும் நாடு ஆஸ்திரேலியா. அங்கே பெக்மடைட் எனப்படும் பாறைகளில் ஸ்போடுமீன் என்ற கனிமம் உள்ளது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கம் 1888இல் வெள்ளீயத்துக்காகத் தொடங்கப்பட்டது. இன்று உலகின் வளமிக்க லித்தியச் சுரங்கங்களில் ஒன்றாக விளங்குகிறது.

வெடிவைத்துத் தகர்த்த பாறை முதலில் நொறுக்கப்படுகிறது. பிறகு அடர்த்தி வேறுபாட்டாலும் நுரை மிதப்பு முறையாலும் ஸ்போடுமீன் தனியே பிரிக்கப்பட்டு, சுமார் 6 விழுக்காடு லித்தியம் ஆக்சைடு கொண்ட செறிவுப்பொருள் ஆக்கப்படுகிறது. இதுவரை நடப்பது பெரும்பாலும் இயந்திர வேலை. சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இயற்கையில் கிடைக்கும் ஸ்போடுமீனின் படிக அமைப்பு மிக நெருக்கமானது. அதனுள் அமிலம் புக முடியாது. எனவே அதைச் சுழல் சூளையில் இட்டு 1,050 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அவ்வெப்பத்தில் படிகம் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, ஏறத்தாழ 30 விழுக்காடு பருத்து, நெகிழ்ந்து, பொடியாகத் தக்கதாகிறது. ஆறிய பின் அரைத்து, அடர் கந்தக அமிலத்துடன் கலந்து, மீண்டும் சுமார் 250 டிகிரியில் வறுக்கிறார்கள். இப்போது லித்தியம், நீரில் கரையும் லித்தியம் சல்பேட்டாக மாறுகிறது. நீரூற்றிக் கரைத்தெடுத்து, சுண்ணாம்பைச் சேர்த்து இரும்பு, அலுமினியம், மக்னீசியம் முதலிய கசடுகளை நீக்கி, இறுதியில் சோடியம் கார்பனேட்டைச் சேர்க்கிறார்கள். லித்தியம் கார்பனேட் வெண்பொடியாகப் படிகிறது. நீர் சூடாக ஆகப் பெரும்பாலான உப்புகள் அதிகம் கரையும். லித்தியம் கார்பனேட்டோ குறைவாகக் கரையும். ஆதலால் இக்கடைசிக் கட்டம் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் நடத்தப்படுகிறது.

ஒரு டன் லித்தியம் கார்பனேட்டுக்குச் சுமார் எட்டு டன் செறிவுப்பொருள் தேவைப்படுகிறது. ஏறக்குறைய அதே அளவு கழிவு எஞ்சுகிறது. இருமுறை சூடேற்றுவதற்கான எரிபொருள் பெரும்பாலும் நிலக்கரியும் இயற்கை எரிவாயுவுமே. பாறை வழியில் பெறப்படும் லித்தியத்தின் கரிம உமிழ்வு, உவர்நீர் வழியில் பெறப்படுவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கணிக்கப்படுகிறது.

இதில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் செறிவுப்பொருளில் பெரும்பகுதி சீனாவுக்குக் கப்பலேறுகிறது. சூளையும் அமில ஆலையும் அங்கே உள்ளன. உலகின் லித்தியச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவில் நடைபெறுகிறது. தோண்டுபவரைவிடச் சுத்திகரிப்பவரின் கை ஓங்கியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் கச்சா லித்தியத் தாதுவின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது இந்த உண்மையை உணர்ந்துதான்.

உவர்நீர்: வெயிலும் காலமும்

தென் அமெரிக்காவில் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் ஆண்டிஸ் உயர்நிலத்தில் பரந்த உப்புப் படுகைகள் உள்ளன. 'லித்தியம் முக்கோணம்' என்று அழைக்கப்படும் பகுதி இதுவே. எரிமலைப் பாறைகளிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைந்துவந்த லித்தியம், வெளியேற வழியற்ற இப்படுகைகளில் உவர்நீராகத் தேங்கியுள்ளது.

தூத்துக்குடியிலோ குஜராத்தின் கட்ச் பகுதியிலோ உப்பளத்தைக் கண்டவர்களுக்கு இம்முறையை விளக்குவது எளிது. சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் தரைக்கு அடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பரந்த பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை ஆவியாக்குகின்றன. முதற் பாத்தியில் சமையல் உப்புப் படிகிறது. அடுத்தடுத்த பாத்திகளில் பொட்டாசியம், மக்னீசியம் உப்புகள் படிகின்றன. உப்பளத்தில் உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்பு நீர் போன்ற ஒன்றுதான் இங்கே கடைசிவரை காக்கப்படும் பொருள். தொடக்கத்தில் ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவில் இருந்த லித்தியம், பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களில் சுமார் 6 விழுக்காடாகச் செறிகிறது. மஞ்சள் நிறத்தில் எண்ணெய்போல் தடித்த அந்த நீர், அன்டோஃபகாஸ்டா அருகிலுள்ள ஆலைகளுக்கு லாரிகளில் செல்கிறது. அங்கே போரான், மக்னீசியம் ஆகியவை நீக்கப்பட்டு, சோடியம் கார்பனேட்டால் லித்தியம் கார்பனேட்டாகப் படிய வைக்கப்படுகிறது.

எரிபொருளுக்குப் பதில் சூரியன் வேலை செய்வதால் இது மலிவானது. ஆனால் மலிவு என்பது யாருடைய கணக்கில்? ஒன்றரை கிராம் செறிவுள்ள உவர்நீரில் ஒரு டன் லித்தியம் கார்பனேட்டுக்கு, முழுமையாக எடுக்க முடிந்தாலே 1,25,000 லிட்டர் வேண்டும். நடைமுறையில் பாதியளவு பாத்திகளிலேயே இழக்கப்படுவதால் தேவை இரண்டரை லட்சம் லிட்டர். இந்த நீர் முழுவதும் உலகின் மிக வறண்ட பாலைநிலத்தில் வானத்துக்குப் போகிறது. அது உவர்நீர்தானே, குடிக்கவோ பாய்ச்சவோ உதவாததுதானே என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. ஆனால் படுகையின் நடுவில் உவர்நீரும் ஓரங்களில் நன்னீரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நடுவில் மட்டம் தாழ்ந்தால் ஓரத்து நீர் நகர்கிறது. ஓரத்து ஊற்றுகளை நம்பியே லிகான் அன்டாய் பழங்குடி மக்களின் கிராமங்களும் மேய்ச்சல் நிலங்களும் பூநாரைகளின் ஏரிகளும் வாழ்கின்றன.

அர்ஜென்டினாவின் ஹுஹுய் மாகாணத்தில் 2023 ஜூனில் பழங்குடி மக்களும் ஆசிரியர்களும் மாகாண அரசமைப்புத் திருத்தத்தை எதிர்த்துச் சாலைகளில் திரண்டபோது, நிலமும் நீரும் லித்தியமும் அப்போராட்டத்தின் மையத்தில் இருந்தன. 2024 மார்ச்சில் அருகிலுள்ள காட்டமார்க்கா மாகாணத்தின் உச்ச நீதிமன்றம், லோஸ் பாட்டோஸ் ஆற்றுப் பகுதியில் புதிய லித்தியத் திட்டங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவைத்தது. ஆற்றின் மீது ஒவ்வொரு திட்டத்தின் தாக்கத்தையும் தனித்தனியே பார்த்தால் போதாது, ஒட்டுமொத்தத் தாக்கத்தையும் ஆராய வேண்டும் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

நேரடிப் பிரித்தெடுப்பு: நம்பிக்கையும் எல்லையும்

பதினெட்டு மாதம் காத்திராமல், உவர்நீரிலிருந்து லித்தியத்தை மட்டும் தேர்ந்து பிடித்து, எஞ்சிய நீரை மீண்டும் நிலத்தடிக்கே அனுப்பிவிட முடியுமா? முடியும் என்பதே நேரடிப் பிரித்தெடுப்பு முறையின் வாக்குறுதி. அலுமினியம் சேர்ந்த சில பரப்புப்பொருள்கள் லித்தியம் குளோரைடைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொண்டு மற்ற உப்புகளை விட்டுவிடுகின்றன. பிறகு நன்னீரால் கழுவினால் லித்தியம் விடுபடுகிறது. அயனிப் பரிமாற்றம், கரைப்பான் மூலம் பிரித்தல், சவ்வுகள் ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. மாதங்கள் மணிக்கணக்காகச் சுருங்குகின்றன. லித்தியத்தின் இழப்பும் குறைகிறது.

இது வெறும் ஆய்வகக் கனவல்ல. அர்ஜென்டினாவின் ஓம்ப்ரே முவெர்ட்டோ படுகையில் இவ்வகை முறை 1990களின் பிற்பகுதியிலிருந்து, ஆவியாதல் பாத்திகளுடன் இணைந்து, தொழிலளவில் இயங்கிவருகிறது. எனினும் கழுவுவதற்கு நன்னீர் வேண்டும். இறைப்பதற்கும் செறிவூட்டுவதற்கும் மின்சாரம் வேண்டும். ஒவ்வோர் உவர்நீருக்கும் தனித்தனியாக முறையைச் செப்பனிட வேண்டும். 'பசுமைத் தொழில்நுட்பம்' என்ற முத்திரையை மட்டும் நம்பிவிடாமல், நன்னீர் எங்கிருந்து வருகிறது, வெளியேற்றப்படும் நீர் எங்கே போகிறது என்ற இரு கேள்விகளையும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

களிமண்: ரியாசியின் விடை

இனி ரியாசிக்குத் திரும்பலாம். அங்குள்ள லித்தியம் ஆஸ்திரேலியாவைப் போல ஸ்போடுமீனிலும் இல்லை; சிலியைப் போல உவர்நீரிலும் இல்லை. பாக்சைட்டைச் சேர்ந்த களிமண் படிவத்தில் அது கலந்திருக்கிறது. களிமண்ணிலிருந்து லித்தியத்தைக் கந்தக அமிலத்தால் கரைத்தெடுக்கலாம். அல்லது சுண்ணாம்புக்கல், ஜிப்சம் போன்றவற்றுடன் வறுத்து நீரில் கரைக்கலாம். அமெரிக்காவின் நெவாடாவில் தாக்கர் பாஸ் என்ற இடத்தில் அமில முறையில் பெருந்திட்டம் ஒன்று, அங்குள்ள பழங்குடியினரின் எதிர்ப்புக்கிடையே, எழும்பிவருகிறது. மெக்சிகோவின் சொனோரா படிவமும் களிமண்தான். பாறைக்கும் உவர்நீருக்கும் இருப்பதுபோல் நெடுநாள் தொழில் அனுபவம் களிமண்ணுக்கு உலகில் எங்கும் இல்லை.

இதைவிட முக்கியமானது எண். ஏலத்தையொட்டி ஒன்றிய அரசே வெளியிட்ட விவரத்தின்படி, 59 லட்சம் டன் என்பது பாக்சைட் படிவத்தின் எடை. அதனுள் அடங்கிய லித்தியம் உலோகத்தின் அளவு 3,400 டன்னுக்குச் சற்று மேல். தோழர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. ஒரு டன் மண்ணைத் தோண்டினால் அதில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக லித்தியம் இருக்கும். கிரீன்புஷஸ் பாறையிலோ ஒரு டன்னுக்கு ஒன்பது கிலோ அளவுக்குக் கிடைக்கிறது. 2024இல் உலகம் முழுவதும் தோண்டப்பட்ட லித்தியம் ஏறத்தாழ 2,40,000 டன். அதாவது ரியாசியில் உள்ள அனைத்தையும் ஒரு துகள்கூட விடாமல் எடுத்தாலும், அது உலக உற்பத்தியில் ஒரு வாரத்துக்குப் போதாது.

'வெள்ளைத் தங்கம்' என்ற ஆரவாரம் எங்கே கரைந்தது என்பது இப்போது விளங்கும். மூலதனம் கணக்குப் பார்த்தது. தனக்கு இலாபமில்லை என்று விலகியது. அதனால் அந்த மக்களுக்கு ஆபத்து நீங்கிவிட்டதாகப் பொருள் கொள்ளக் கூடாது. உலகச் சந்தையில் லித்தியம் கார்பனேட்டின் விலை 2022 இறுதியில் சீனாவில் டன்னுக்கு ஆறு லட்சம் யுவானை நெருங்கியது. 2024இல் ஒரு லட்சம் யுவானுக்கும் கீழே வீழ்ந்தது. அதே வேகத்தில் விலை மீண்டும் ஏறினால் கணக்கும் மாறும். அப்போது செனாப் ஆற்றின் கரையில், நிலநடுக்க ஆபத்து மிகுந்த இமயமலைச் சரிவில், அமிலக் கழிவை எங்கே கொட்டுவார்கள் என்ற கேள்வி எழும். அக்கேள்வியைக் கேட்பதற்கான மன்றம் இருக்க வேண்டும். ஆனால் 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், முக்கியக் கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. சட்டம் அளித்த ஒரு பொது மேடை இவ்வாறு அகற்றப்பட்டது.

உடைமை மட்டும் போதுமா?

லித்தியம் மக்களின் சொத்து என்ற நிலைப்பாட்டை லத்தீன் அமெரிக்க இடதுசாரிகள் முன்வைத்தபோது ஏகாதிபத்தியம் அமைதியாக இருக்கவில்லை. அமெரிக்க இராணுவத்தின் தென்பிராந்தியத் தளபதியாக இருந்த லாரா ரிச்சர்ட்சன், 2023 ஜனவரியில் லித்தியம் முக்கோணத்தின் வளத்தைத் தம் நாட்டின் பாதுகாப்பு நலனோடு இணைத்து வெளிப்படையாகவே பேசினார். ஒரு படைத்தளபதிக்கு இன்னொரு கண்டத்தின் உப்புப் படுகையில் என்ன வேலை என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த வகுப்பில் கடினமான பாடத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பொலிவியாவின் உயுனி, பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேலாகப் பரந்த, உலகின் மிகப்பெரிய உப்புப் படுகை. ஏவோ மொராலெஸ் அரசு 2008இலேயே அரசுக் கட்டுப்பாட்டில் லித்தியத் தொழிலை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உற்பத்தி அற்பமாகவே இருந்தது. முதலாவது தொழிலளவு கார்பனேட் ஆலை 2023 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. 2019இல் ஜெர்மன் நிறுவனத்துடனான ஒப்பந்தம், பொட்டோசி மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. சில நாட்களிலேயே மொராலெஸ் பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டார்.

சதியும் தலையீடும் இருந்தன என்பது உண்மை. இயற்கையும் எதிரே நின்றது என்பதும் உண்மை. அட்டகாமா உவர்நீரில் லித்தியத்தைப் போல ஆறு மடங்கு மக்னீசியம் உள்ளது. உயுனியில் அது ஏறத்தாழ இருபது மடங்கு. வேதியியலில் லித்தியத்தின் மிக நெருங்கிய சாயல் மக்னீசியத்துக்கு உண்டு. இரண்டையும் பிரிப்பது கடினம். அத்துடன் உயுனியில் ஆண்டின் சில மாதங்கள் மழை பெய்து பாத்திகளை நிரப்பிவிடுகிறது. அட்டகாமாவுக்குப் பொருந்திய முறை அங்கே தோற்றது. இறுதியில் 2023இல் பொலிவிய அரசு நேரடிப் பிரித்தெடுப்பு முறைக்காகச் சீன, ரஷ்ய நிறுவனங்களை நாட வேண்டியதாயிற்று. மெக்சிகோ 2022 ஏப்ரலில் லித்தியத்தை அரசுடைமையாக்கியது. ஆயினும் அதன் களிமண்ணைத் திறக்கும் தொழில்நுட்பச் சாவி அரசின் கையில் இருக்கவில்லை.

சிலியின் அனுபவம் வேறொன்றைக் கற்பிக்கிறது. அங்கே 1979இலேயே லித்தியம் அரசுக்கு ஒதுக்கப்பட்ட கனிமமாக அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் உடைமை அரசுடையது. ஆனால் குத்தகை வழியே உற்பத்தி தனியாரிடம் இருந்தது. சர்வாதிகாரி பினோசேயின் காலத்தில் அரசு நிறுவனமாயிருந்து தனியார்மயமாக்கப்பட்ட ஒரு பெருநிறுவனம் அட்டகாமாவின் முதன்மை உற்பத்தியாளராக வளர்ந்தது. 2023 ஏப்ரலில் போரிச் அரசு அறிவித்த தேசிய லித்தியக் கொள்கை, அரசின் செப்பு நிறுவனமான கொடெல்கோவைப் பெரும்பான்மைப் பங்காளியாக்கி இதை மீட்க முயன்றது.

மூன்று நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாவது இதுதான்: நிலத்தின் மீதான உடைமை முதல் நிபந்தனை. பிரித்தெடுக்கும் அறிவின் மீதான உடைமை இரண்டாம் நிபந்தனை. நீரின் மீது அந்நிலத்தில் வாழும் மக்களின் உரிமை மூன்றாம் நிபந்தனை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் தடுமாறுகின்றன.

இந்தியாவில் நடப்பது

இம்மூன்று அளவுகோல்களால் இந்திய அரசின் கொள்கையை அளந்து பார்க்கலாம். கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் அணுக் கனிமத் துறை நடத்திய ஆய்வில் முதலில் 14,100 டன் என்று சொல்லப்பட்ட லித்தியம், பின்னர் 1,600 டன் என்று குறைக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் ராஜஸ்தானின் தேகானாவில் ரியாசியைவிடப் பெரிய படிவம் கிடைத்துவிட்டதாகச் செய்திகள் பரவின; புவியியல் ஆய்வுத் துறையே அதை மறுக்க வேண்டியிருந்தது. அறிவிப்பு வேகமாக ஓடுகிறது, அறிவியல் பின்னால் நடந்து வருகிறது.

சத்தீஸ்கரின் கோர்பா மாவட்டத்திலுள்ள கட்கோரா தொகுதி, 2024இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 76.05 விழுக்காடு பிரீமியத்தில் போனது. நாட்டில் ஏலம்போன முதல் லித்தியத் தொகுதி அது. நிலக்கரிச் சுரங்கங்களால் ஏற்கெனவே இடம்பெயர்ந்த ஆதிவாசி மக்களின் மாவட்டத்தில் இன்னொரு கனிமம் நுழைகிறது. வன உரிமைச் சட்டமும் கிராமசபையும் அங்கே எந்த அளவுக்கு மதிக்கப்படும் என்பதைக் கோர்பாவின் பழைய அனுபவத்தைக் கொண்டே கணிக்கலாம்.

வெளிநாட்டில், நால்கோ, இந்துஸ்தான் காப்பர், கனிம ஆய்வுக் கழகம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து 2019இல் உருவாக்கிய 'காபில்' நிறுவனம், 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் காட்டமார்க்கா மாகாணத்தில் ஐந்து உவர்நீர்த் தொகுதிகளை ஆய்வுக்காகப் பெற்றது. பரப்பு 15,703 ஹெக்டேர். செலவு சுமார் 200 கோடி ரூபாய். பொதுத்துறை இத்துறையில் இறங்குவது வரவேற்கத்தக்கது. அதே சமயம், நீதிமன்றம் நீருக்காகத் தலையிட்ட அதே மாகாணம் அது என்பதை மறக்கலாகாது. இந்திய நாட்டின் பொதுத்துறை இன்னொரு நாட்டுப் பழங்குடி மக்களின் ஊற்றை வற்றச்செய்தால், அதைப் பாட்டாளி வர்க்கச் சர்வதேசியத்தின் பெயரால் எவரும் நியாயப்படுத்த முடியாது.

2025 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 16,300 கோடி ரூபாய் செலவில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இப்பணத்தில் எவ்வளவு பொது ஆய்வகங்களுக்குச் செல்கிறது, எவ்வளவு தனியாருக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் கேட்க வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையம், பாவ்நகரின் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம், காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் என்று மக்கள் பணத்தில் வளர்ந்த அறிவு இந்நாட்டில் இருக்கிறது. களிமண்ணையும் மைக்காவையும் சிறு உவர்நீர்ப் படிவங்களையும் கையாளும் முறைகளை வகுக்கும் வல்லமை அங்கே உள்ள அறிவியலாளர்களுக்கு உண்டு. அவர்களுக்கு நிலையான பணியிடங்களும் நிதியும் தராமல் 'தற்சார்பு' பேசுவது வெற்றுச் சொல்.

கட்சி ஊழியரின் பணி

லித்தியம் குறித்து மக்களிடையே பேசும்போது இரண்டு எளிய வழிகள் தென்படும். சுரங்கம் என்றாலே எதிர்ப்பது ஒன்று. வளர்ச்சி என்றாலே வாழ்த்துவது மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் சிரமத்தைத் தவிர்க்கும் வழிகளே. புவி வெப்பமாவதால் முதலில் வாடுவது வெயிலில் உழைக்கும் தொழிலாளியும் மழையை நம்பிய விவசாயியும்தான். ஆகவே நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் விலகுவது அவர்களுடைய நலன். அதற்கு மின்கலங்கள் தேவை. எத்தனை, எதற்காக என்பதே வர்க்கக் கேள்வி.

ஒரு மின்பேருந்தின் மின்கலத் தொகுப்பு நான்கைந்து மின்கார்களுடையதற்கு இணையானது. ஆனால் அப்பேருந்து ஒரே பயணத்தில் ஐம்பது பேரைச் சுமக்கிறது. நாள் முழுவதும் ஓடுகிறது. காரோ நாளின் பெரும்பகுதி வீட்டு வாசலில் நிற்கிறது. பொதுப் போக்குவரத்தை வலுப்படுத்தும் ஒவ்வொரு போராட்டமும் எங்கோ ஒரு மலையையும் ஊற்றையும் காக்கிறது. அதேபோல், பயன்படுத்தி முடித்த மின்கலங்களும் ஒரு சுரங்கமே. அவற்றைப் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, லித்தியம், கோபால்ட், நிக்கல் ஆகியவற்றை மீட்க முடியும். 2022 ஆகஸ்டில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. ஆயினும் இந்நாட்டின் மின்னணுக் கழிவில் பெரும்பகுதி இன்றும் முறைசாராத் தொழிலாளர்களின் வெறுங்கைகளால் உடைக்கப்படுகிறது. மீள்சுழற்சி ஆலைகளைப் பொதுத்துறையிலோ தொழிலாளர் கூட்டுறவிலோ அமைத்து, அத்தொழிலாளர்களைப் பாதுகாப்பான வேலையில் அமர்த்தக் கோருவது தொழிற்சங்கங்களின் உடனடிக் கடமை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மக்கள் கருத்துக்கேட்பு மீட்கப்பட வேண்டும். லித்தியமும் பிற முக்கியக் கனிமங்களும் பொதுத்துறைக்கே ஒதுக்கப்பட வேண்டும். பிரித்தெடுக்கும் முறைகளுக்கான ஆராய்ச்சி பொது ஆய்வகங்களில் வளர்க்கப்பட வேண்டும். ஆதிவாசி கிராமசபைகளின் ஒப்புதலின்றி ஒரு குழியும் தோண்டப்படக் கூடாது. இருப்பு பற்றிய அறிவிப்புகள் தாதுவின் எடையையும் அதனுள் அடங்கிய உலோகத்தின் எடையையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

கடைசிக் கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 59 லட்சத்துக்கும் 3,400க்கும் இடையேயுள்ள தூரத்தில்தான் ஒரு சட்டத் திருத்தம் நுழைந்தது. அடுத்த முறை ஏதேனும் ஒரு மாநிலத்தில், ஏதேனும் ஒரு மலையடிவாரத்தில் 'வெள்ளைத் தங்கம்' கிடைத்ததாகச் செய்தி வரும்போது, அந்த ஊரின் கட்சிக் கிளையிலிருந்து மூன்று கேள்விகள் எழட்டும்: எந்தக் கனிமத்தில் இருக்கிறது? அதைப் பிரிக்க எவ்வளவு நீரும் நெருப்பும் அமிலமும் வேண்டும்? அந்த நீர் இன்று யாருடைய வயலில் பாய்கிறது?